வெயிட் உங்களைக் காப்பாற்றாது

“புல்லட்டைக் கொடுத்துட்டு ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கலாம்னு இருக்கேன் சார். ஆனா அதுல வெயிட்டே இல்லையே, ரோட்ல நிக்குமா?”

பைக் ஓட்டப் பயிற்சி தரும் எனக்கு இது காது புளித்துப்போன கேள்வி. கேட்பவர் மீது கோபமில்லை. அவர் காதில் இதை ஓதியவர் மீதுதான் கோபம். அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். முறுக்கிய மீசை, பழைய புல்லட், லடாக் போய்வந்த கதை. “வெயிட்டு இருந்தாத்தான் தம்பி ரோட்டைக் கவ்வும். இதெல்லாம் பிளாஸ்டிக்கு, பிரேக் பிடிச்சா பறந்துரும்” என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முட்டி வலியோடு கனத்த வண்டியைத் தள்ளித் தள்ளி அலுத்துப்போனவர்கூட, பயத்தில் அதையே இன்னும் ஐந்து வருஷம் கட்டி அழுகிறார்.

இந்தப் பத்தியில் பாதிக்கு மேல் அந்த ஒரு பொய்க்குத்தான். மற்றவற்றைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை 1: கனமான வண்டிதான் ரோட்டைப் பிடிக்கும், சீக்கிரம் நிற்கும்.

உண்மை: ரோட்டைப் பிடிப்பது டயர். வண்டி கனத்தால் டயர் தரையில் அதிகமாக அழுந்தும், உராய்வு விசை கூடும். இதுவரை மீசைக்காரர் சொல்வது சரி. ஆனால் அவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். எடை கூடக்கூட, நிறுத்த வேண்டிய பாரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. சம்பளம் ஏறிய அளவுக்கே வாடகையும் ஏறினால் கையில் என்ன மிஞ்சும்? பள்ளிக்கூட இயற்பியலில் பிரேக் தூரத்துக்கான சூத்திரத்தை எழுதிப் பாருங்கள். எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், வேகமும் உராய்வும்தான் மிஞ்சும்.

காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க சுமார் 20 மீட்டர் வேண்டும். 80 என்றால் 36 மீட்டர், 100 என்றால் 56 மீட்டர். இதில் எங்காவது கிலோ வந்ததா? 195 கிலோ கிளாசிக் 350, 241 கிலோ சூப்பர் மீட்டியார் 650, 142 கிலோ யமஹா ஆர்15 மூன்றுக்கும் டயர் வைக்கும் எல்லை ஒன்றுதான். மூளை ஆபத்தை உணர்ந்து விரல் பிரேக்கைத் தொடும் அந்த ஒரு நொடியை இதில் சேர்க்கவே இல்லை. 80 கி.மீ. வேகத்தில் அந்த நொடியிலேயே 22 மீட்டர் ஓடிவிடும்.

எடைதான் பிடிப்பு என்றால், ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி நம் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். நிற்கிறதா?

இன்னும் கேளுங்கள். கனத்தால் கொஞ்சம் நஷ்டமும் உண்டு. ரப்பரின் குணம் அப்படி. டயர் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். அடுத்தது சூடு. 75 கிலோ ஆளோடு 80 கி.மீ. வேகத்தில் போகும் கிளாசிக் 350-ஐ நிறுத்த பிரேக் சுமார் 67 கிலோஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். அதே ஆள் ஆர்15-இல் போனால் சுமார் 54 போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது வேகம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கனத்த வண்டியின் பிரேக்குக்கு அதே விகிதத்தில் கூடுதல் வேலை.

வளைவிலும் இதே கதைதான். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகத்தில் திரும்ப, வண்டி ஏறக்குறைய 35 டிகிரி சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை முடிவு செய்வது வேகமும் வளைவும்தான், கிலோ இங்கேயும் வராது. க்ரூஸர்களில் கால்மிதி தாழ்வாக இருக்கும். பலவற்றில் அந்தச் சாய்வு வருவதற்குள் கால்மிதி தரையில் உரசிவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கால்மிதியை உயர்த்திப் பின்னால் தள்ளி வைத்திருப்பது இதற்காகத்தான், போட்டோவுக்கு போஸ் கொடுக்க இல்லை.

“அப்படின்னா புல்லட்ல எனக்குக் கிடைக்கிற அந்தத் திடம் பொய்யா?” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பொய் இல்லை. ஆனால் அது சொகுசு, பிடிப்பு வேறு. உடம்பு கனமாக இருந்தால் சின்னக் குழியில் சக்கரம் குதித்தாலும் அந்த அதிர்வு மேலே அவ்வளவாக ஏறாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான வீல்பேஸ் சூப்பர் மீட்டியாரில் 1,500 மி.மீ., ஆர்15-இல் 1,325 மி.மீ. நீளம் கூடினால் வண்டி நேர்கோட்டில் அசையாமல் போகும், ஆனால் திரும்பச் சோம்பும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் சஸ்பென்ஷன் விறைப்பானது. ரோட்டில் உள்ள கல்லையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டே வரும். புல்லட்டில் அதே கல் இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கக் காற்று விஷயத்தில் மட்டும் மீசைக்காரருக்கு ஓரளவு நியாயம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்று லேசான வண்டியைக் கூடுதலாகத் தள்ளும். ஆனால் கனத்த டூரிங் வண்டியில் பெரிய விண்ட்ஷீல்டு, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி என்று மாட்டி வைத்தால் அதுவே பாயாகிவிடுகிறது. எந்த வண்டியானாலும் மருந்து ஒன்றுதான்: வேகத்தைக் குறையுங்கள், முட்டியால் டேங்க்கை அணையுங்கள், கையைத் தளர்த்துங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவரைத்தான் காற்று அதிகம் ஆட்டும்.

“பிரேக் பிடிச்சா பறந்துரும்” என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது வண்டியிடம் இல்லை, புல்லட்டில் பழகிய கையிடம் இருக்கிறது. பழைய புல்லட்டின் டிரம் பிரேக்கை நான்கு விரலாலும் கசக்கினால்தான் வண்டிக்குக் காது கேட்கும். கேடிஎம் ஆர்சி 390-இல் 320 மி.மீ. டிஸ்க், ரேடியல் காலிப்பர். அங்கே இரண்டு விரல் போதும். அதை நான்கு விரலால் வெடுக்கென்று இழுத்தால் வீல்பேஸ் குட்டையான வண்டி பின் சக்கரத்தைத் தூக்கத்தான் செய்யும். லீவரை முதலில் தொட்டு, முன் ஃபோர்க் அமுங்க விட்டு, அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சொல்ல மூன்று வரி, பழக ஒரு மாதம்.

திருப்பத்திலும் அப்படித்தான். ஓட்டத்தில் வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம், தெரிந்தோ தெரியாமலோ. கனத்த வண்டிக்குப் பழகிய கை அதே பலத்தை லேசான வண்டியிலும் கொடுக்கும். வண்டி சட்டென்று சாயும், ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மூடுவார், வண்டி இன்னும் தடுமாறும். உடனே பழி யார் மேல்? “வெயிட் இல்லாத வண்டி” மேல். பயிற்சித் திடலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

இனி மற்றவை, சுருக்கமாக.

நம்பிக்கை 2: முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்.

உண்மை: இதைச் சொல்லிக் கொடுத்தவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு கருவியை மாட்டிக் கொடுத்த பிறகும் முன் பிரேக்கைத் தொடமாட்டேன் என்றால் யார் என்ன செய்வது?

நம்பிக்கை 3: ஸ்போர்ட்ஸ் பைக் உயரம், கால் எட்டாது.

உண்மை: கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மி.மீ. ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் 810. ஆர்15-இல் 815. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்! ஷோரூமில் உட்கார்ந்து பார்க்காமலே வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சூப்பர் மீட்டியாரின் 740 மி.மீ. தாழ்விலிருந்து வருபவருக்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

நம்பிக்கை 4: ஆர்பிஎம் ஏறினால் எஞ்சின் போய்விடும்.

உண்மை: கிளாசிக் 350 தன் முழு இழுவிசையான 27 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்பிஎம்மில் தருகிறது. ஆர்15 தன் 14.2 நியூட்டன் மீட்டரைத் தருவது 7,500-இல், முழுக் குதிரைத்திறன் 10,000-இல். புல்லட் நினைப்பில் டாப் கியரில் 2,500-இல் உருட்டி, வண்டி உதறும்போது “இழுவையே இல்லை” என்று புகார் சொல்லாதீர்கள். கியரைக் குறையுங்கள். எல்லை மீறினால் எஞ்சினை ஈசியூ தடுத்துக்கொள்ளும். ஆனால் மேல் கியரில் போட்டு இடித்து ஓட்டினால் அதைத் தடுக்க ஆளில்லை.

நம்பிக்கை 5: சின்ன வண்டி, சந்துபொந்தில் சுலபமாகத் திரும்பும்.

உண்மை: ஓட்டத்தில் திரும்பும். யூ டர்னில் திணறும். கிளிப்-ஆன் கைப்பிடி கொஞ்சம் திரும்பியதுமே டேங்க்கையும் ஃபேரிங்கையும் நெருங்கிவிடும், அதனால் வட்டம் பெரிதாகும். புல்லட்டில் ஒரே மூச்சில் திருப்பிய தெருவில் இதை ஒருமுறை பின்னால் தள்ளித்தான் திருப்ப வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் தெருவிலேயே திருப்பிப் பாருங்கள்.

நம்பிக்கை 6: பின் டயரை அகலமாக்கினால் கிரிப் கூடும்.

உண்மை: ஆர்15-இன் ரிம்முக்குக் கம்பெனி கொடுப்பது 140/70-17. அதில் அடுத்த சைஸ்களைத் திணித்தால் டயரின் வளைவு கெடும், சாயும்போது ரோட்டைத் தொடும் ரப்பர் மாறும், வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். காசுக்குக் காசும் போய், எதற்காக லேசான வண்டிக்கு மாறினீர்களோ அதுவும் போகும். பழைய வண்டி வாங்குபவர்கள் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஆறு வருஷத்து ரப்பரை நம்பாதீர்கள்.

நம்பிக்கை 7: முதுகு போய்விடும்.

உண்மை: கைகளில் உடம்பைச் சாய்த்து ஓட்டினால் முதலில் மணிக்கட்டுப் போகும், பிறகு முதுகு. பாரத்தை முட்டியும் வயிறும் தாங்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

இத்தனை பொய்களும் இத்தனை காலம் தழைத்திருப்பதற்குக் காரணம் மீசைக்காரர் மட்டும் இல்லை. நம் லைசென்ஸ் முறைக்கும் இதில் பங்கு உண்டு. ஆர்டிஓ அலுவலகத் திடலில் நாம் எல்லோரும் என்ன செய்து காட்டினோம்? காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டோம். நடக்கிற வேகத்தில், முதல் கியரில். பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த எட்டோடு கிடைத்த கியர் வண்டி லைசென்ஸ் 100 சி.சி.க்கும் செல்லும், 1,000 சி.சி.க்கும் செல்லும். பிரிட்டனில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்டாமல் பைக் லைசென்ஸ் கிடையாது. ஐரோப்பாவில் 125 சி.சி. வரை ஒரு படி, 35 கிலோவாட் வரை அடுத்த படி, அதற்கு மேல் இன்னொரு படி. இங்கே 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் சுமார் 44 சதவீதம். இந்த நாட்டில் எட்டுப் போடத் தெரியாமல் செத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நிறுத்தத் தெரியாமல்?

எட்டை எடுக்கச் சொல்லவில்லை. அதே திடலில் ஒரு நேர்கோடு போடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வரட்டும், ஒரு கோட்டில் பிரேக், இன்னொரு கோட்டுக்குள் நிற்கட்டும். பெயிண்டும் கொஞ்சம் இடமும்தான் செலவு. பெரிய வண்டிக்கு மாறுகிறவருக்கு இதை 60-இல் வையுங்கள்.

அரசு செய்யும் வரை காத்திருக்காதீர்கள். புது வண்டி வந்த முதல் வாரத்திலேயே விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், 30-இல் தொடங்கி 50 வரை, இரண்டு விரலால் நிறுத்திப் பழகுங்கள். வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் ரேஸ் டிராக் இருக்கிறது. ஈசிஆர் அதற்கில்லை. எங்கே போனாலும் ஹெல்மெட் பட்டையைப் பூட்டுங்கள். டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதற்கு அது தேங்காய் மூடி இல்லை.