‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் பல சொற்களும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் பையைத் திறந்து பார்த்தால் உடுபுடவையை விடக் கடதாசிகளே கவனமாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், இவற்றோடு தொண்டு நிறுவனங்கள் தந்த படிவங்களும் இருக்கும். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று; ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. ஆகவே அரச அலுவலகத்திற்குத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமையுண்டு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். எனினும் வெளிநாட்டு நிறுவனங்களின் படிவங்களும், விதை மூடைகளிலும் மருந்துப் போத்தல்களிலும் உள்ள எச்சரிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆங்கிலம் முழுவதையும் ஒரு பாடத்தில் படிக்க முடியாது. ஆனால் எது கட்டாயம், எது விருப்பம், எது தடை என்று காட்டும் சொற்கள் ஒரு கைப்பிடிதான். அவற்றை மாத்திரம் இங்கு பார்ப்போம்.

தமிழில் ‘வேண்டும்’ என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. ‘எனக்கு விதைநெல் வேண்டும்’ என்கிறோம். ‘வயலுக்குப் பசளை போட வேண்டும்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இதனை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. விருப்பத்திற்கு ‘வோன்ற்’. அது இல்லாமல் காரியம் நடவாது என்ற தேவைக்கு ‘நீட்’. செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்திற்கு ‘மஸ்ற்’. பெற்றோருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் ‘வீ வோன்ற் சீட் பாடி’ என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் வாசிப்பவரின் காதில் அது ஆசைப்பட்டுக் கேட்பது போலவும், சற்று அதிகாரமாகவும் விழும். ‘வீ நீட் சீட் பாடி’ என்று எழுதினால் அது உங்கள் நிலைமையைச் சொல்கிறது. ஒரு சொல் மாறினால் கடிதத்தின் முகமே மாறிவிடும்.

எதிர்மறையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ‘நீட் நொட்’ அல்லது ‘டோன்ற் ஹாவ் ரு’ என்றால் ‘தேவையில்லை’. செய்தாலும் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை. ‘மஸ்ற் நொட்’ என்றால் ‘கூடாது’. ‘மஸ்ற்’ என்பது ‘வேண்டும்’, எனவே ‘மஸ்ற் நொட்’ என்பது ‘வேண்டியதில்லை’ என்று கணக்குப் போடுபவர் பிழை விடுகிறார். இது பரீட்சைப் புள்ளி சம்பந்தப்பட்ட விடயம் மாத்திரமல்ல. சில விதைகள் பூஞ்சண மருந்து பூசப்பட்டு வருகின்றன. அடையாளத்திற்காகச் சாயமும் இட்டிருப்பார்கள். அந்த மூடையில் ‘மஸ்ற் நொட்’ என்றோ ‘டு நொட்’ என்றோ தொடங்கும் வரியில் ‘ஃபூட்’, ‘ஃபீட்’ என்ற சொற்கள் இருந்தால், மனிதரும் உண்ணக்கூடாது, கோழிக்கும் மாட்டிற்கும் போடக்கூடாது என்பதே பொருள். பசி நேரத்தில் கழுவிக் காயவைத்தால் சரியென்று தோன்றலாம். கழுவினாலும் அந்த மருந்து முற்றாகப் போகாது. வெற்று மருந்துப் போத்தலில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்பதும் இதே சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கும்.

சட்டங்களிலும் பத்திரங்களிலும் ‘ஷல்’ என்ற சொல் அடிக்கடி வரும். பள்ளிக்கூடத்தில் இதனை எதிர்காலத்தைக் குறிக்கும் சொல்லாகப் படித்திருப்பீர்கள். சட்டத்தில் அதற்கு ‘செய்தாக வேண்டும்’ என்றே பொருள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களை வைத்திருப்போர் எம்மிடையே அநேகர். அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் புரட்டினால் ‘ஷல்’ என்ற சொல்லும் ‘மே’ என்ற சொல்லும் மாறி மாறி வருவதைக் காணலாம். ‘மே’ என்றால் ‘செய்யலாம்’. ஓர் அதிகாரி ஒன்றைக் கொடுக்க ‘ஷல்’ என்றிருந்தால் அது அவருடைய கடமை. நீங்கள் உரிமையோடு கேட்கலாம். ‘மே’ என்றிருந்தால் அதிகாரம் அவருக்கு உண்டு, முடிவும் அவருடையது. அங்கே காரணங்களை எடுத்துக் காட்டியே கேட்க வேண்டும். ‘மே’ என்ற இடத்தைக் காட்டிச் சண்டை பிடிப்பதிலும் பயனில்லை, ‘ஷல்’ என்ற இடத்தில் கெஞ்சி நிற்பதிலும் பயனில்லை.

‘ஷுட்’ என்பது புத்திமதி. ‘மஸ்ற்’ அளவுக்குப் பாரமில்லை. ஆனால் அலுவலகக் கடிதங்களின் மரியாதையை நம்பி ஏமாறக்கூடாது. ‘யூ ஆர் ரிக்குவெஸ்ரட்’ என்று வந்தால் வேண்டுகோள் போலத் தோன்றும். உண்மையில் அது உத்தரவு. திகதி விடயத்திலும் கவனம் தேவை. ‘ஒன் ஓர் பிபோர்’ 15 என்றால் 15ஆம் திகதியும் சேரும். வெறுமனே ‘பிபோர்’ 15 என்றிருந்தால் 14ஆம் திகதியோடு கதவு மூடிவிடும்.

படிவங்களில் ‘கம்பல்சரி’, ‘மண்டேற்றரி’, ‘ரிக்குவயர்ட்’ ஆகிய மூன்றும் ஒன்றே: கட்டாயம் நிரப்ப வேண்டும். பல இடங்களில் சொல்லுக்குப் பதிலாக ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். ‘ஒப்ஷனல்’ என்றால் விரும்பினால் நிரப்பலாம். ‘இஃப் எனி’ என்றால் ‘இருந்தால்’. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பொருந்தாத கேள்விக்கு ‘நொட் அப்ளிக்கபிள்’ என்பதன் முதலெழுத்துக்களான ‘என்’, ‘ஏ’ இரண்டையும் சாய்கோடிட்டு எழுதுவது வழக்கம். வெறுமையாக விடுவது நல்லதல்ல. கட்டாயக் கேள்வி வெறுமையாக இருந்தால் விண்ணப்பம் முழுமையற்றது என்று ஒதுக்கப்படலாம். கணவன் காணாமற்போன பெண்ணொருவர் கணவனின் கையொப்பக் கூட்டை வெறுமையாக விடாமல், ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லையும் காணாமற்போன ஆண்டையும் எழுதுவதே சரி. அந்தக் கூட்டை நிரப்புவது எவ்வளவு கடினமென்பது எழுதுபவருக்கே தெரியும்.

அவசியமும் அவசரமும் எங்கள் பேச்சில் கலந்துபோகின்றன. ஆங்கிலத்தில் ‘இம்போட்டன்ற்’ வேறு, ‘அர்ஜன்ற்’ வேறு. ‘அர்ஜன்ற்’ என்பதன் வேர், பிடித்துத் தள்ளுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல். காலம் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காணி உறுதியின் பிரதி எடுப்பது ‘இம்போட்டன்ற்’. காலபோகத்திற்குரிய விதைநெல்லோ ‘அர்ஜன்ற்’. மழை பிடித்தபின் வரும் விதைநெல்லால் புழுதி விதைப்புச் செய்ய முடியாது. எல்லாக் கடிதத்திற்கும் ‘அர்ஜன்ற்’ என்று தலைப்பிட்டால் உண்மையான அவசரம் வரும் நாளில் அந்தச் சொல்லை எவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். இன்னும் ஒரு படி மேலே ‘எசென்ஷியல்’ என்ற சொல் இருக்கிறது. ‘இருத்தல்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது இல்லாவிட்டால் இருப்பே இல்லை என்ற அளவுக்குப் பாரமானது.

இச்சொற்கள் உங்களைப் பற்றியே எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் எப்படி வருகின்றன என்று பாருங்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை, செயலாளர் நாயகத்தின் பிரதிநிதியாயிருந்த சூடான் நாட்டவர் பிரான்சிஸ் டெங் 1998ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணைக்குழுவின் முன் வைத்தார். மொத்தம் 30 கோட்பாடுகள். 18ஆவது கோட்பாடு, எந்தச் சூழ்நிலையிலும் பாகுபாடின்றி அதிகாரிகள் குறைந்தபட்சம் எவற்றைக் கொடுக்க வேண்டும் என்று கூறுகிறது. அங்கே வருவது ‘ஷல்’, ‘மே’ அல்ல. உணவுக்கும் மருத்துவ சேவைக்கும் முன்னால் ‘எசென்ஷியல்’ என்ற சொல் நிற்கிறது. தங்குமிடத்திற்கு ‘பேசிக்’, அதாவது அடிப்படையானது. உடைக்கு ‘அப்ரோப்ரியேற்’, அதாவது பொருத்தமானது. எழுதியவர்கள் சொற்களை நிறுத்துப் பார்த்தே வைத்திருக்கிறார்கள். எனினும் இது நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கை அல்ல. இதனை மாத்திரம் காட்டி நீதிமன்றத்தில் வழக்கை வெல்லலாம் என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆனால் நிறுவனங்களோடு பேசும்போது இதனைச் சுட்டிக்காட்டுவதில் பலன் உண்டு.

இனி ஒரு சிறு கடிதம். ‘வீ ஆர் ஃபாமிங் ஃபமிலீஸ். வீ நீட் சீட் பாடி. இற் இஸ் அர்ஜன்ற், பிகோஸ் வீ மஸ்ற் சோ பிபோர் த ரெயின்ஸ்.’ நாங்கள் கமக்காரக் குடும்பங்கள். எங்களுக்கு விதைநெல் தேவை. மழைக்கு முன் விதைத்தாக வேண்டியிருப்பதால் இது அவசரமானது. மூன்றே வசனங்கள். காரணம் சொல்லும் ‘பிகோஸ்’ இல்லாமல் ‘அர்ஜன்ற்’ என்று எழுத வேண்டாம்.

மாலையில் பிள்ளைகளோடு இருந்து பின்வருவனவற்றை ஆங்கிலத்திற்கு மாற்றிப் பாருங்கள்: கிணற்றை இறைக்க ஒரு பம்பி தேவை. இந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. இன்று வரத் தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தின் பிரதி கட்டாயம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரே சொல்லைப் பிள்ளை எழுதியிருந்தால், விதை மூடையைப் பற்றிய பந்தியை மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள்.