வண்டி ஒயரிங்: கப்ளரைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள்

ஐப்பசி மழையும் தீபாவளி லோடும் ஒன்றாக வரும் ஊர் எங்களுடையது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் போகிற வண்டிகள் நாள் முழுக்க வெட்டவெளியில்தான் நிற்கும். கோடையெல்லாம் கரிசல் தூசி கப்ளருக்குள் போய் உட்காரும். முதல் மழையில் அந்தத் தூசி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் என்ன, ஹாரன் கம்மும், இண்டிகேட்டர் முழிக்கும்.

1. சாவியைப் போட்டு ஒருவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு கப்ளராகப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் எங்கே விட்டுவிட்டு வருகிறதோ அங்கேதான் கோளாறு. ஹெட்லைட் டூமுக்குள், சைடு கவருக்குள், சீட்டுக்கு அடியில், டேங்குக்கு அடியில் என்று நாலு இடம் போதும். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியில் மட்டும் ஒயரையே தடவிப் பாருங்கள். வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். அறுந்த இடம் விரலுக்குத் தொளதொளவென்று தெரியும்.

2. திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. சுத்தம் செய்தால் பிழைக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் சூடு. பின்னையும் மாற்ற வேண்டும், கப்ளரையும் மாற்ற வேண்டும். நோஸ் பிளேயரால் பெண் பின்னை நெருக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு வாரம் ஓடும். வெந்த பித்தளைக்கு இறுக்கிப் பிடிக்கிற தெம்பு இருக்காது.

எங்கள் வீட்டு 100 சிசி வண்டியில் பேட்டரி ஏறவில்லை. ‘ரெகுலேட்டர் போச்சுண்ணே’ என்றார் மெக்கானிக். புதுசு வாங்கிப் போட்டோம். மூன்றாம் நாள் பழைய கதை. ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்தால், ஒரு பின் கருகி அதன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தது. கழற்றிப்போட்ட பழைய ரெகுலேட்டர் இன்றைக்கும் அந்த வண்டியில்தான் ஓடுகிறது.

3. கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். லூசான இணைப்பு பொறி விடும் என்பதை நம் ஊரில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தீபாவளிப் பெட்டிகள் அடுக்கிய திண்ணையில் வைத்தே வண்டியைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

4. பின்னைக் கப்ளரிலிருந்து இழுத்துப் பிடுங்காதீர்கள். பின்னின் முதுகில் அரிசி அளவு ஒரு நாக்கு தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் பூட்டு. முனை தட்டையாக்கிய ஊக்கைக் கப்ளரின் வாய்ப் பக்கமாக உள்ளே விட்டு, நாக்கை அமுக்கிக்கொண்டே பின்னால் ஒயரை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையென்றால் ஒருமுறை ஒயரை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். சில கப்ளரில் நாக்கு பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். அதை வெளிப்பக்கமாக நெம்ப வேண்டும். புதுப் பின்னைச் செருகும்போது ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.

5. வெட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு படம். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை எர்த்து, சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்டபின் வரும் கரண்ட். வேறு கம்பெனிக்கு இந்தக் கணக்கு செல்லாது. கடைக்குப் பழைய பின்னையே கொண்டுபோங்கள், 6.3 மில்லிமீட்டர் அகலம் ஒரு ரகம், 2.8 இன்னொரு ரகம், உருண்டையான புல்லட் பின் வேறு. கடையில் கிடைக்காத பழைய கப்ளருக்குக் காயலான் கடைதான் கதி. கழித்துப்போட்ட ஒயரிங் செட்டிலிருந்து அரை அடி ஒயரோடு சேர்த்து வெட்டி வாங்குங்கள், இணைக்கத் தோது.

6. பின்னுக்கு இரண்டு ஜோடிச் சிறகு உண்டு. முன்ஜோடி செம்பை இறுக்கும், பின்ஜோடி வெளித்தோலைப் பிடிக்கும். இரண்டையும் செம்பின் மேலேயே மடக்கிவிடுவதுதான் வழக்கமான தப்பு. அதிர்வில் இழை ஒவ்வொன்றாக அறும். கட்டிங் பிளேயரைவிடக் கிரிம்பிங் டூல் நல்லது. மேலே ஈயம் வைத்து நிரப்பினால் ஒயர் விறைத்து, ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். சுருங்கும் ஸ்லீவை நெருப்புக் காட்டிச் சுருக்குவதென்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

7. 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரியும். ஹோல்டருக்கு ஓய்வே கிடையாது. 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 60 வாட் போட்டால் 5 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் இணைப்பில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஹோல்டர் ஏன் உருகுகிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

8. எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, விளக்கு எரியும்போது ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் எர்த்து ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சட்டத்தில் முடுக்கிய எர்த்து போல்ட்டைக் கழற்றிப் பெயின்டைச் சுரண்டுங்கள்.

9. பச்சையைச் சுரண்ட தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையை எடுக்காதீர்கள். அது சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும், பின்னில் ஒட்டிக்கொள்ளும். நைசான உப்புத்தாள் போதும். பிறகு மருந்து முக்காத வெறுங்குச்சியில் பொட்டு வாசலின் தொட்டுத் தடவுங்கள்; ஈரம் அண்டாது. வெறுங்குச்சிக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை.

10. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டியில் இன்ஜெக்‌ஷன் கப்ளர்களுக்கு ரப்பர் சீல் இருக்கும். அந்த ஒயரில் ஊசி குத்தி டெஸ்ட் லைட் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். குத்திய ஓட்டை வழியாகவே அடுத்த மழை உள்ளே போகும்.