அணு மருத்துவப் பிரிவில் வேலை: என்ன படிக்க வேண்டும்?

தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் சற்றுத் தூரம் போனால் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. நிம்ஹான்ஸ் அருகே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கித்வாய் 1973-இல் தொடங்கியது. இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் "அணு மருத்துவம்" என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் ஒருவர் டெக்னாலஜிஸ்ட். அந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? தெரிந்துகொள்வோம்.

அணு மருத்துவம் என்றால் என்ன?

அணு என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வரும். பயப்பட வேண்டாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவம். சில நோய்களைக் குணப்படுத்தவும் செய்யும்.

எக்ஸ்-ரே எடுக்கும்போது கதிர் இயந்திரத்திலிருந்து வரும். அணு மருத்துவத்தில் கதிர் வீசும் மருந்தையே உடலுக்குள் செலுத்துவார்கள். சில மருந்துகளை ஊசியில் போடுவார்கள். சிலவற்றை விழுங்கக் கொடுப்பார்கள்.

நாம் உண்ணும் உப்பில் அயோடின் இருக்கிறது. அது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்குப் போய்ச் சேரும். கதிர் வீசும் அயோடினும் அங்கேதான் போகும். அங்கிருந்து கதிர் வெளியே வரும். காமா கேமரா அதைப் படம் பிடிக்கும். இப்படியே எலும்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் வேறு மருந்துகளால் படம் பிடிக்கலாம்.

டெக்னாலஜிஸ்ட் என்ன செய்வார்?

என்ன சோதனை வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். டெக்னாலஜிஸ்ட் மருந்தைத் தயார் செய்வார். அளவைச் சரி பார்ப்பார். நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்வார். பெண்களிடம், "கர்ப்பமாக இருக்கிறீர்களா? குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பார். இதற்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகு டெக்னாலஜிஸ்ட் படம் எடுப்பார். படத்தைப் பார்த்து டாக்டர் நோயைச் சொல்வார்.

இதற்கு ஏன் இவ்வளவு படிப்பு?

கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மணமும் இல்லை. கணக்குத்தான் கண்.

டெக்னீசியம் என்பது அதிகம் பயன்படும் மருந்துப் பொருள். 6 மணி நேரத்தில் அதன் கதிர் பாதியாகக் குறையும். காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால், பகல் 12 மணிக்கு 50 பங்கு. மாலை 6 மணிக்கு 25 பங்கு. இந்தக் கணக்குத் தவறினால் மருந்து கூடும் அல்லது குறையும். கூடினால் நோயாளிக்குக் கேடு. குறைந்தால் படம் தெளிவாக வராது.

வேலை செய்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். அவர் சட்டையில் ஒரு சிறு பட்டை அணிந்திருப்பார். அவர் உடலில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை வைத்து அளப்பார்கள்.

இந்தப் பாதுகாப்பைக் கவனிக்க மும்பையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. இது 1983-இல் அமைக்கப்பட்டது. இதன் அனுமதி இல்லாமல் எந்த மருத்துவமனையும் அணு மருத்துவப் பிரிவை நடத்த முடியாது. அங்கே வேலை செய்பவர் தகுந்த படிப்பு படித்திருக்க வேண்டும் என்பதும் விதி.

என்ன படிக்க வேண்டும்?

முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேற வேண்டும். பிறகு பி.யூ.சி.யில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும். இயற்பியல், வேதியியல் கட்டாயம் தேவை. உயிரியல் அல்லது கணிதமும் வேண்டும். அதன் பிறகு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம். கர்நாடகத்தில் மணிப்பால் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்துச் சுமார் 4 ஆண்டு ஆகும்.

இரண்டாம் வழி: அறிவியலில் பி.எஸ்சி. பட்டம் பெற வேண்டும். அதன்மேல் அணு மருத்துவத்தில் எம்.எஸ்சி. அல்லது மேல்பட்டயப் படிப்பு படிக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் எம்.எஸ்சி. இருக்கிறது.

பணம் கட்டும் முன்

தொம்மலூரில் ஒரு தாயும் மகளும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அம்மா, இந்த நோட்டீஸைப் பாரு. பத்தாவது படிச்சாப் போதுமாம். ஆறே மாசத்துல அணு மருத்துவ டெக்னாலஜிஸ்ட் ஆகலாமாம். 40,000 ரூபாய் கட்டணும்."

"கொடு கண்ணு, நானே படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம்னு போடலையே?"

"ஆமாம்மா, போடலை."

"எந்த ஆஸ்பத்திரியில பயிற்சின்னும் இல்ல. பணம் கட்டுற தேதி மட்டும் பெரிசாப் போட்டிருக்கு. உங்க டீச்சர்கிட்ட காட்டிக் கேளு. பணத்தை அப்புறம் பார்க்கலாம்."

அந்தத் தாய் செய்தது சரி. ஆறு மாதச் சான்றிதழை வைத்து இந்த வேலை கிடைக்காது. பணமும் போகும், காலமும் போகும். எனவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம்?
2. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே அணு மருத்துவப் பிரிவு இருக்கிறதா?
3. இந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதியாக ஏற்கிறதா?

பதிலை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

பணம் இல்லையே என்று படிப்பை நிறுத்த வேண்டாம். தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு அரசின் உதவித்தொகை உண்டு. வங்கியில் கல்விக் கடனும் கேட்கலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பின் எடுக்கும் முடிவுதான் முக்கியம். அறிவியல் பிரிவை விட்டுவிட்டால் பிறகு இந்த வழிக்கு வருவது கடினம். உங்கள் மகனோ மகளோ பத்தாவது படிக்கிறார்களா? இப்போதே பேசுங்கள்.

பயிற்சி

1. காலை 6 மணிக்கு 80 பங்கு டெக்னீசியம் இருந்தது. மாலை 6 மணிக்கு எத்தனை பங்கு இருக்கும்?
2. நோட்டீஸில் என்னென்ன இல்லை என்று அந்தத் தாய் கண்டுபிடித்தார்?
3. உங்கள் தெருவில் ஒட்டியிருக்கும் படிப்பு விளம்பரம் ஒன்றைப் படியுங்கள். மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறதா?