ழான் வல்ழான் கந்தனான கதை

கேள்வி: பிரெஞ்சு இலக்கியம் படிக்க ஆசை, ஆனால் பிரெஞ்சு தெரியாது. தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், பீங்கான் தொழிற்பேட்டை, விருத்தாசலம்

பதில்: விக்தோர் ஹியூகோவிடமிருந்து தொடங்கலாம். ரொட்டி திருடிச் சிறைபோன ழான் வல்ழானின் கதையை அவர் 1862இல் வெளியிட்டார். அரவிந்தர் ஆசிரமத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாயகன் கந்தனாக நடித்தவர் நாகையா. அவனை விடாமல் துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அன்றுமுதல் ‘ஜாவர்’ சீதாராமன் ஆனார். ஒரு பிரெஞ்சு நாவலின் பாத்திரம் தமிழ்க் கலைஞர் ஒருவரின் பெயரோடு நிலைத்துவிட்டது!

அடுத்து மாப்பசான். சிறுகதையைச் செதுக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். 43 வயதுகூட நிறையாமல் 1893இல் மறைந்தார். உங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், அவருடைய கதைகள் சிலவற்றைத் தழுவி எழுதினார். அந்தத் தழுவல்கள் பின்னாளில் பெரிய விவாதத்தையே கிளப்பின.

இருபதாம் நூற்றாண்டுக்கு வெ. ஸ்ரீராம் வழிகாட்டுவார். அல்பேர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை பிரெஞ்சிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்தார், க்ரியா வெளியிட்டது. செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ நூலை மதனகல்யாணியோடு சேர்ந்து தந்தார்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ‘குட்டி இளவரசன்’ நூலை முதலில் வாங்குங்கள்; அவர்களோடு சேர்ந்தே படிக்கலாம்.