தீப்பெட்டிக்குள் ஒரு செடி

கோவில்பட்டிப் பக்கம் கோடை வெயிலில் பழைய மதிற்சுவர் ஒன்றைக் கவனியுங்கள். நிழல் விழும் பக்கத்தில் கறுத்த பொருக்குப் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்கு என்றுதான் நினைப்போம். அதில் சிறிது சுரண்டி ஒரு காலித் தீப்பெட்டியில் (நம் ஊரில் அதற்கா பஞ்சம்!) போட்டு வையுங்கள். சில வாரம் கழித்து ஒரு கிண்ணத்தில் இட்டு நீர் விடுங்கள். லென்ஸ் வழியே பார்த்தால் சுருண்ட சின்னஞ்சிறு இலைகள் விரிவது தெரியும். சில நிமிடங்களில் அழுக்கு பச்சைச் செடியாகிவிடும்.

இதுதான் மாஸ். பாசி என்றே நாம் சொல்லிவிடுகிறோம். கண்மாயில் மிதக்கும் பாசி வேறு இனம். மாஸுக்குத் தண்டும் இலையும் உண்டு, உண்மையான வேர் இல்லை. மெல்லிய வேரிகள் முக்கியமாகச் சுவரைப் பற்றிக்கொள்ளத்தான். நீரையும் உப்புகளையும் இலைகளே நேராக உறிஞ்சுகின்றன. இலை பெரும்பாலும் ஒரே செல் கனம். ஆகவே சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். சமவெளிச் சுவர்களில் சாதாரணமாகக் காணும் ஓர் இனத்தின் பெயர் ஹையோஃபைலா இன்வொலூட்டா. இன்வொலூட்டா என்றால் லத்தீனில் 'உட்புறம் சுருண்டது'. காய்ந்த இலையைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

ஆலையும் இச்சியையும் தட்டுத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்காரர்கள் மண்ணின்மேல் மாஸ் விரிப்பார்கள். அழகுக்கு மட்டுமல்ல, நீர் ஊற்றும்போது மண் கரையாது. நமக்கு மலை மாஸைவிட, வெயிலுக்குப் பழகிய சுவர் மாஸே மேல். அடியில் கரிசல் மண் வேண்டாம். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலுள்ள மெத்தை கிழிந்துவிடும். மணலும் செங்கல் தூளும் கலந்துகொள்ளுங்கள்.

நான் இருமுறை தோற்றேன். முதல்முறை ஆழ்துளைக் கிணற்று நீரைத் தெளித்தேன். நீர் ஆவியாக ஆக, உப்பு இலைமேலேயே வெள்ளையாகப் படிந்துவிட்டது. அடுத்த முறை மழைநீர்தான். ஆனால் தினமும் உச்சிவேளையில் இரண்டு கை தெளிப்பு. அப்போதும் பழுத்துப் போயிற்று. ஏன்?

காய்ந்த மாஸ் நனைந்ததும் முதலில் செய்வது பழுதுபார்க்கும் வேலை. செல் சவ்வுகளைச் சீராக்கச் சேமித்த உணவை எரித்து வேகமாகச் சுவாசிக்கும். ஒளிச்சேர்க்கை முழு அளவுக்கு வர நேரம் பிடிக்கும். அதற்குள் வெயில் உலர்த்திவிட்டால் செலவு மட்டுமே, வரவு இல்லை. தினமும் இப்படி நடந்தால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு தூறலை நம்பி முளைத்த மானாவாரிச் சோளம், அடுத்த மழை ஏய்த்ததும் கருகுகிறதல்லவா? அதே கதைதான்.

எனவே அதிகாலையில் நன்றாக நனைத்து, நிழலில் வைத்து, சில மணி நேரமாவது ஈரம் காக்க வேண்டும். மேலே பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. விரலால் அடிமண்ணைத் தொட்டுப் பாருங்கள். மரம் தாகத்தில் இருக்கலாம்.

கோடையில் இவ்வளவும் முடியாதா? மாஸைக் காயவிடலாம், மரத்தைக் காயவிட முடியாது. ஆகவே மாஸை மெத்தையாக உரித்து, நிழலில் மெதுவாக உலர்த்தி, தீப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் நொறுக்கித் தொட்டி மண்ணில் தூவுங்கள். ஒடிந்த துணுக்கும் தனிச்செடியாக வளரும்.