பொழுது சாய்ந்த பிறகும் வானத்தை ஆளும் சூரியன்

கேள்வி: எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் வெகுநேரம் கழித்துத்தான் காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் வருகிறது. நட்சத்திரங்கள் தெரிய இன்னும் நேரமாகிறது. ஏன் இப்படி?
– ராஜபாளையம் வாசகர்

பதில்: காலண்டர் சொல்வது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. ராஜபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. கையை முழுக்க நீட்டி, நடுவிலுள்ள மூன்று விரல்களைச் சேர்த்துப் படுக்கைவாட்டில் பிடித்தால், அவற்றின் அகலம் வானத்தில் சுமார் 5 டிகிரி. மலை முகடு அடிவானத்துக்கு மேல் அந்த உயரத்தில் தெரியும் இடத்தில் சூரியன் ஏறக்குறைய 20 நிமிடம் முந்தியே மறைந்துவிடும். மலையடிவாரத்தை நெருங்க நெருங்க முகடு இன்னும் உயர்ந்து தெரியும். வெயிலும் அதற்கேற்பச் சீக்கிரம் போய்விடும்.

ஆனால் இருட்டை முடிவு செய்வது மலை அல்ல. அடிவானத்துக்குக் கீழே சூரியன் எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. தரையில் நிழல் விழுந்த பிறகும் உயரத்திலுள்ள காற்றில் வெயில் படுகிறது. அந்தக் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வானம் வெளுத்தே கிடக்கிறது.

சூரியன் 6 டிகிரி இறங்கும்வரை வெட்டவெளியில் விளக்கில்லாமல் வேலை பார்க்கலாம். 12 டிகிரிக்குள் முக்கியமான நட்சத்திரங்கள் வந்துவிடும். 18 டிகிரி இறங்கினால்தான் முழு இருட்டு. மங்கலான பால்வீதி தெரிய அதுவரை காத்திருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 டிகிரியில் இருக்கும் ராஜபாளையத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இத்தனையும் 70 முதல் 75 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. லண்டனில் ஜூன் மாத நடுவில், நள்ளிரவில்கூடச் சூரியன் சுமார் 15 டிகிரிதான் கீழே போகிறது. அங்கே அந்த வாரங்களில் முழு இருட்டு என்பதே இல்லை.

இந்த இடைப்பட்ட நேரம் வானியலாளர்களுக்கு வீண் நேரமல்ல. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில், மங்கும் வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பிப் படமெடுப்பார்கள். சீராக ஒளிரும் அந்த வானத்தை வைத்து, கேமராவின் எந்தப் பகுதி ஒளியைக் குறைவாக வாங்குகிறது, தூசியின் நிழல் எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, இரவில் எடுக்கும் படங்களைச் சரிசெய்துகொள்வார்கள்.

கேள்வி: கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை மே மாதக் கடைசியில் தேடினால் கிடைப்பதில்லையே?
– கிருஷ்ணன்கோவில் வாசகர்

பதில்: அப்போது அது பகலில் உதித்துப் பகலிலேயே மறைகிறது. பூமி சுற்றிவருவதால், சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே நாளுக்குச் சுமார் 1 டிகிரி கிழக்கே நகர்வதுபோல் தெரியும். மே மாதப் பிற்பகுதியில் அது கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம் வந்துவிடுகிறது. பிறகு, ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் 4 நிமிடம் முந்தி உதிப்பதால், ஜூன் கடைசியில் விடியுமுன் கிழக்கே அதைப் பார்க்கலாம். நவம்பரில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, பொழுது சாயும்போது உதித்து இரவெல்லாம் இருக்கும். முழுநிலவும் சூரியனுக்கு எதிரேதான் இருக்க வேண்டும். அதனால்தான் திருக்கார்த்திகையன்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கேள்வி: திருப்பாவையில் ஆண்டாள் வெள்ளி உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் சேர்த்துச் சொல்கிறாரே, அப்படி ஒரு விடியற்காலை அமையுமா?
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

பதில்: தாராளமாக அமையும். 13ஆம் பாசுரம் காட்டும் அந்தக் காட்சிக்குச் சூரியனின் இருப்பிடம்தான் ஆதாரம். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. அதனால் விடியுமுன் கிழக்கே உதிக்கும். நள்ளிரவில் நம் உச்சியில் அதைப் பார்க்கவே முடியாது. வியாழனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது சூரியனுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கத்துக்கு வரும் காலத்தில், கிழக்கே வெள்ளி ஏறும் வேளையில் மேற்கே வியாழன் இறங்கும்.

இதை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்க முயன்றவர்களில் அறிஞர் மு. இராகவையங்கார் கி.பி. 731 என்ற ஆண்டுக்கு வந்தார். வேறு சிலர் 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதத்தில் கிட்டத்தட்ட அதே நிலைக்கு வரும். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டாகும். ஆகவே இதே காட்சி மார்கழியில் பலமுறை திரும்பியிருக்கும்.

இந்தக் கணக்கில் உள்ளூர் விஷயம் ஒன்றும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலைதான். உண்மையான அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே வியாழன் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். இந்த ஊரில் நின்று பார்த்த காட்சி என்று எடுத்துக்கொண்டு கணிப்பவர்கள், மலையின் உயரத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.