பள்ளிக் குப்பையும் பிள்ளைகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

குப்பை என்றதும் நகரத்தை நினைப்பது நம் வழக்கம். நயினார்கோவில் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு வேதியியல் பாடமே அதில் கிடக்கும். சத்துணவுக் கூடத்துக் காய்த்தோல், முட்டை ஓடு, வேப்பஞ்சருகு ஒருபுறம். தின்பண்ட உறைகள் மறுபுறம். முன்னதற்குப் பிள்ளைகளே வழி காணலாம். பின்னதற்கு?

காய்த்தோலில் நைட்ரஜன் மிகுதி. சருகில் கார்பன் மிகுதி. ஏறத்தாழ 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என அமைந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். பிள்ளைகளுக்கு இக்கணக்கு வேண்டாம். ஒரு கூடை தோலுக்கு இரண்டு மூன்று கூடை சருகு, பிழிந்த துணியளவு ஈரம் என்று சொன்னால் போதும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். எளிதில் கரையாது, நொறுக்கிப் போடவேண்டும். சில நாளில் குழியிலிருந்து எழும் வெம்மை, நுண்ணுயிர்கள் உழைப்பதற்குச் சான்று. குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் நம் மாவட்டத்தில் எருவுக்கு நீர் ஏது எனக் கேட்கலாம். அரிசி கழுவிய நீர் இருக்கிறதே! குவியலைவிடக் குழியே இங்கு ஏற்றது. வெயிலில் விரைவில் உலராது.

இனி உறைகள். பிளாஸ்டிக் படலத்தின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடாததால் பண்டம் மொறுமொறுப்பாக இருக்கிறது. ஆனால் ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பது அரிது. பழைய இரும்புக் கடைக்காரரும் எடை போடமாட்டார். எரித்தால் நச்சுப்புகை. விட்டுவிட்டால் காற்றோடு கண்மாய்க்குப் போகும். ஆகவே பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் அந்தச் சாக்கு மட்டும் நிறைந்துகொண்டே இருக்கும். தமிழகத்தில் 1.1.2019 முதல் பைகளும் குவளைகளும் தடை செய்யப்பட்டபோதுகூட, ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு இருந்தது. கடைக்காரர் பை கொடுத்தால் குற்றம், ஆலை உறை கொடுத்தால் குற்றமில்லை என்று அன்று இருந்தது எனக்கு இன்றும் விளங்காத நியாயம்.

2018-இல் தூத்துக்குடி சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளி மாணவியர் இதற்கு விடை கண்டனர். தாங்கள் தின்ற பண்டங்களின் உறைகள் இருபதாயிரத்துக்கும் மேல் சேர்த்து, மாநகராட்சியின் துணையோடு, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினர். சுவையில் குறையில்லை, உறைதான் குறை என்பது அவர்கள் கடிதத்தின் சாரம். உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் கூறுகின்றன.

அவர்கள் மேல்நிலைப்பள்ளி மாணவியர். நம் சிற்றூர்ப் பிள்ளைகளால் ஆகுமா? ஐந்தாம் வகுப்புக்கு எண்ணத் தெரியும், கடிதம் எழுதவும் தெரியும். ஒரு மாத உறைகளைப் பெயர்வாரியாகப் பிரித்துக் கரும்பலகையில் கோடிட்டு எண்ணினால் கணக்குப் பாடமும் ஆயிற்று. அனுப்பவேண்டிய முகவரி உறையின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.